திரும்பி வரும் உயரம்

ட்ரோனை மேலே அனுப்புவது எளிது. சிக்னல் அறுந்துபோனால் அது தானாக எந்த உயரத்தில் திரும்பி வர வேண்டும்? மரமும் மாடிக் கட்டடமும் விமான நிலையங்களும் நெருக்கியடிக்கும் பெங்களூரில் இந்தக் கேள்விக்கு ஒரே எண் பதிலாகாது.

2021 நவம்பர் 13, காலை மணி 9.43. பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையில் இருக்கும் சந்தாபுரா ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எட்டு விசிறிகள் கொண்ட ஒரு ட்ரோன் கிளம்பியது. அது சுமந்துசென்ற விசேஷப் பெட்டிக்குள் 50 குப்பி கோவிட் தடுப்பூசி மருந்தும் ஊசிகளும் இருந்தன. 9.53-க்கு, சுமார் 7 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹாரகத்தெ ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்தது. மருந்தை ஒப்படைத்துவிட்டு சந்தாபுராவுக்கே திரும்பியது. போக வர 14 கிலோமீட்டர்; சுமார் 20 நிமிஷம். சாலை வழியே போயிருந்தால் 30 முதல் 40 நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த ட்ரோனை உருவாக்கியது பெங்களூரில் உள்ள மத்திய அரசின் நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ், சுருக்கமாக என்.ஏ.எல். கண்ணுக்கு எட்டாத தூரம்வரை சோதனையாகப் பறக்கவிட, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இரண்டு மாதம் முன்னதாக, 2021 செப்டம்பர் 13-ல், நிபந்தனைகளோடு விலக்கு அளித்திருந்தது. செய்தியானது தடுப்பூசிதான். ஆனால் ட்ரோன் இயக்குபவர்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்று அதில் இருந்தது. அந்த ட்ரோன் தரையிலிருந்து 300 மீட்டர் உயரத்தில் பறந்தது. அத்தனை உயரத்தில் மரமோ மின்கம்பியோ மாடிக் கட்டடமோ குறுக்கே வராது.

சாதாரண ட்ரோன்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கல்யாண வீடியோ எடுப்பவர், நிலம் அளப்பவர், வயலுக்கு மருந்து தெளிப்பவர், பொழுதுபோக்காகப் படம் பிடிப்பவர் எல்லோரும் அனுமதி இல்லாமல் 120 மீட்டரைத் தாண்டக் கூடாது. விமான நிலையங்களை ஒட்டிய வளையத்தில் 60 மீட்டர்தான். நகரத்தில் மோதிக்கொள்வதற்கு உள்ள பெரும்பாலான பொருள்களும் இந்த 60-க்கும் 120-க்கும் கீழேதான் நிற்கின்றன. இந்த நெரிசலுக்குள் ஒரு ட்ரோன், இயக்குபவரின் கையிலிருந்து நழுவி, தானாக வீடு திரும்ப வேண்டிய நிலை வந்தால்?

மூன்று சந்தர்ப்பங்கள்

அப்படித் திரும்பும் ஏற்பாடு இன்று ஏறக்குறைய எல்லா நல்ல ட்ரோன்களிலும் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் 'ரிட்டர்ன் டு ஹோம்' என்பதைச் சுருக்கி 'ஆர்.டி.எச்.' என்கிறார்கள். மூன்று சந்தர்ப்பங்களில் இது வேலை செய்யும். ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் இடையே சிக்னல் அறுந்தால் சில விநாடிகள் காத்திருந்துவிட்டுத் தானாகக் கிளம்பும். பாட்டரி குறைந்து, இனித் திரும்பினால்தான் வந்துசேர முடியும் என்ற கட்டம் வந்தாலும் கிளம்பும். இயக்குபவரே பட்டனை அழுத்தியும் அழைக்கலாம்.

மூன்றிலும் நடப்பது ஒன்றே. கிளம்பும்போது ஜிபிஎஸ் உதவியுடன் குறித்து வைத்துக்கொண்ட இடம்தான் அதற்கு 'வீடு'. திரும்புவதற்கென்று ஓர் உயரம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும். ட்ரோன் அந்த உயரத்துக்குக் கீழே இருந்தால், முதலில் நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக மேலே ஏறும். பிறகு வீட்டை நோக்கி நேர்கோட்டில் வரும். தலைக்கு மேலே வந்ததும் இறங்கும். ஏற்கெனவே அதைவிட உயரத்தில் இருந்தால், பெரும்பாலான மாடல்கள் இருக்கும் உயரத்திலேயே திரும்பும்.

'நேர்கோடு' என்பதுதான் சிக்கல். போகும்போது இயக்குபவர் ஒரு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, மரத்தைத் தவிர்த்து, கம்பியைப் பார்த்து ஓட்டியிருப்பார். திரும்பும் ட்ரோனுக்கு அந்த நினைவெல்லாம் பெரும்பாலும் இல்லை. போன பாதையிலேயே திரும்பும்படி சில சாஃப்ட்வேர்களில் வசதி உண்டு என்றாலும், பரவலாக இருப்பது நேர்கோட்டு முறைதான். குறுக்கே நிற்பது எதுவானாலும் பதிவு செய்த உயரம் அதைவிட அதிகமாக இருந்தால் பிழைக்கும். குறைவாக இருந்தால் மோதும். மோதிய ட்ரோன் விழப்போவது யாரோ ஒருவருடைய தலையிலோ காரின் மேலோதான்.

தென்னைக்குக் கீழே

இத்தனை முக்கியமான எண்ணைப் பலரும் தொட்டுப் பார்ப்பதே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது என்ன இருந்ததோ அதுவே தொடர்கிறது. அந்த எண்ணும் எல்லா இயந்திரங்களிலும் ஒன்றல்ல. ட்ரோன் தயாரிப்பவர்களிடையே பரவலாகப் புழங்கும் இலவச சாஃப்ட்வேரான ஆர்டுபைலட்டில், பல விசிறி ட்ரோன்களுக்கு முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் உயரம் 15 மீட்டர். அதே போன்ற மற்றொரு சாஃப்ட்வேரான பிஎக்ஸ் 4-ல் அது 60 மீட்டர். சீனாவின் டிஜேஐ நிறுவனத்தின் பழைய ஃபாண்டம் மாடல்களில் 30 மீட்டர்.

15 மீட்டர் என்பது மரமே இல்லாத மைதானத்தில் சோதனை செய்பவருக்குப் போதுமான உயரமாக இருக்கலாம். நன்கு வளர்ந்த நெட்டைத் தென்னை 20 மீட்டரைத் தாண்டி நிற்கும். பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தைலமரமும் சில்வர் ஓக்கும் அதைவிட உயரமாக வளர்கின்றன. நகருக்குள்ளே பழைய சாலைகளில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் உச்சியும் 15 மீட்டருக்கு மேலேதான்.

இது நகரத்துப் படப்பிடிப்புக்காரர்களின் கவலை மட்டுமில்லை. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தின் இலக்கு 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன் கொடுப்பது. மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்கு மேலே சில மீட்டர் உயரத்தில்தான் பறக்கும். வயலின் மறுகோடியில் சிக்னல் போய்விட்டால் அது எழும்பி, வரப்பில் நிற்கும் தென்னைகளுக்கும் பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகளுக்கும் நடுவே நேராக வரும். தயாரித்தவரோ இயக்குபவரோ அந்த வயலைப் பார்த்து உயரத்தை மாற்றியிருந்தால்தான் அது முழுசாக வந்துசேரும். கடனும் மானியமுமாக வாங்கிய இயந்திரம் ஒரு மட்டையில் சிக்கி நொறுங்கினால், அந்தப் பருவத்து வருமானமே போய்விடும்.

எங்கிருந்து அளப்பது?

எண்ணை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. அது எதிலிருந்து அளக்கப்படுகிறது என்பதும் தெரிய வேண்டும். 80 மீட்டர் என்று பதிவு செய்தால், பெரும்பாலான ட்ரோன்கள் அதைக் கிளம்பிய இடத்திலிருந்து 80 மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். வழியில் கீழே இருக்கும் தரையிலிருந்து என்று எடுத்துக்கொள்ளாது. சமவெளியில் இரண்டும் ஒன்றுதான். பெங்களூர் சமவெளி இல்லை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. இந்த முதுகின் ஒரு பக்கம் விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. மறுபக்கம் விழுவது தென்பெண்ணையாகித் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. நகருக்குள்ளேயே மேட்டிலிருந்து ஏரிப் பள்ளத்துக்குப் பல பத்து மீட்டர் இறக்கம் உண்டு. நகரைவிட்டு வெளியே வந்தால் பாறைக் குன்றுகள் தொடங்கிவிடும். நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். நகரத்தைவிட 500 மீட்டருக்கும் அதிகம்.

ஒருவர் 890 மீட்டர் மட்டத்தில் உள்ள ஏரிக்கரையிலிருந்து ட்ரோனைக் கிளப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் பாதையில் 915 மீட்டர் மட்டத்தில் ஒரு மேடு. அதன்மேல் 30 மீட்டர் மரங்கள். மரத்தைவிட 20 மீட்டர் கூடுதலாக இருக்கட்டும் என்று 50 மீட்டர் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். ஆனால் அந்த 50 மீட்டரில் 25-ஐ மேடு தின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது 25, மரமோ 30. ட்ரோன் நேராகக் கிளைக்குள் நுழையும். மேட்டின் 25, மரத்தின் 30, பாதுகாப்புக்கு 20 எனக் கூட்டி 75 மீட்டர் வைத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் தவறு நடக்கும். மேட்டில் நின்று கிளப்பியவர் 100 மீட்டர் வைத்துவிட்டு, 40 மீட்டர் தாழ்ந்த பள்ளத்துக்கு மேலே ட்ரோனை ஓட்டுகிறார். அங்கே சிக்னல் போனால் அது ஏறி நிற்கும் உயரம் பள்ளத்துத் தரையிலிருந்து 140 மீட்டர். தன்னை அறியாமலே விதியை மீறியாகிவிட்டது. பத்தாவது மாடி மொட்டை மாடியிலிருந்து கிளப்புபவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்களுடைய பூஜ்யம் மொட்டை மாடியில் தொடங்குகிறது; சட்டத்தின் பூஜ்யம் தரையில்.

இந்த அளவீடும் முழுக்க நம்பக்கூடியதில்லை. ட்ரோன் உயரத்தைப் பெரும்பாலும் காற்றழுத்தத்தை வைத்தே கணிக்கிறது. பெங்களூரின் மட்டத்தில் அழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் கணிப்பு 9 மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். மழை மேகம் திரளும் மாலை நேரத்திலும், கருவி சூடேறும்போதும் சில மீட்டர் தவறுவது சகஜம். தடைக்கு மேல் 5 மீட்டர் இடைவெளி போதும் என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து. 20 மீட்டராவது விடுவது நல்லது.

கூரையின் உயரம்

அப்படியானால் எண்ணைத் தாராளமாக வைத்துவிட்டால் என்ன? 200 மீட்டர் வைத்துவிட்டால் பெங்களூரில் எந்தக் கட்டடமும் குறுக்கே வராதே? பலருக்கும் தோன்றும் குறுக்குவழி இது. 2017-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம், திரும்பும் பாதையில் மோதக்கூடியவை மரமும் கட்டடமும் மட்டுமில்லை என்பதைக் காட்டியது.

அந்த ஆண்டு செப்டம்பர் 21 மாலை, நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக்கு அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது ஒரு ஃபாண்டம் 4 ட்ரோன் மோதியது. மோதிய உயரம் சுமார் 300 அடி, அதாவது 90 மீட்டர் சொச்சம். இயக்கியவர் இரண்டரை மைல் தொலைவில் இருந்தார். ட்ரோன் அவர் பார்வையில் இல்லை. விபத்தை விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மோதுவதற்குச் சில நிமிஷம் முன்பு அவர் 'திரும்பி வா' பட்டனை அழுத்தியிருந்ததைக் கண்டறிந்தது. ட்ரோன் கட்டளைப்படி வீடு திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் ஹெலிகாப்டர் வரும் என்று அதற்கு யார் சொல்வது? ஹெலிகாப்டரின் விசிறி இறக்கையில் பள்ளம் விழுந்தது, யாருக்கும் காயமில்லை. நொறுங்கிய ட்ரோன் எங்கே போயிற்று என்று தெரியாமல், அது திரும்பி வரும் என்று இயக்கியவர் காத்திருந்தார்.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் இதற்காகத்தான் வானத்துக்குக் கூரை போடுகின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அந்தக் கூரை 200 அடிக்கு, 60 மீட்டருக்குத் தாழ்ந்துவிடுகிறது. அதற்கு மேலே மஞ்சள் மண்டலம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நுழையவே முடியாது. 120 மீட்டர் என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. நகரத்துக்கு வெளியே, இறங்கும்போதும் ஏறும்போதும் தவிர, விமானிகள் 500 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்பது சர்வதேச வழக்கம். இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி வெறும் 100 அடி.

இந்தக் கூரை பெங்களூரில் அளவுக்கு அதிகமாகவே தாழ்ந்திருக்கிறது. வடக்கே தேவனஹள்ளியில் கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையம். அதற்குத் தெற்கே எலஹங்காவில் விமானப்படைத் தளம். ஏரோ இந்தியா கண்காட்சி நடப்பது இங்கேதான். பக்கத்திலேயே ஜக்கூரில் பயிற்சி விமானத் தளம். கிழக்கே, நகரத்தின் நடுவிலேயே எச்.ஏ.எல். விமான நிலையம். 2008 மே மாதம் பயணி விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்டாலும் இங்கே ராணுவ விமானங்களும் சோதனை விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஓய்ந்தபாடில்லை. இவற்றைச் சுற்றி வளையம் போட்டுப் பார்த்தால் நகரத்தின் பெரும் பகுதி ஏதாவதொரு வளையத்துக்குள் வந்துவிடும்.

விமானம் இறங்கும் சரிவைப் பார்த்தால் காரணம் புரியும். வழக்கமாக 3 டிகிரிக் கோணத்தில் விமானம் ஓடுபாதையை நோக்கி இறங்கும். தொடும் இடத்துக்கு 5 கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் சுமார் 260 மீட்டர். 2 கிலோமீட்டர் முன்னால் சுமார் 105 மீட்டர்தான். தானாக 120 மீட்டருக்கு ஏறும் ஒரு ட்ரோன் அங்கே என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

தரையும் கூரையும் மோதினால்

ட்ரோன்காரருக்கு ஆக இரண்டு கோடுகள். கீழே, தடைகளின் உச்சியோடு பாதுகாப்பு இடைவெளியைச் சேர்த்த கோடு. மேலே, சட்டமும் விமானங்களும் போட்ட கோடு. திரும்பும் உயரம் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். கிராமத்து வயலில் இந்த இடைவெளி தாராளம். தென்னை 25, இடைவெளி 20, மொத்தம் 45, கூரையோ 120. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

பெங்களூரின் புதிய குடியிருப்புப் பகுதிகளில் கதை வேறு. மாடிக்கு 3 மீட்டர் சொச்சம் என்று வைத்தால் 14 மாடி அபார்ட்மெண்ட் 45 மீட்டர். அதன் மேலே லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, செல்போன் கோபுரம் என்று இன்னும் 15. ஆக 60. பாதுகாப்புக்கு 20 சேர்த்தால் 80. அந்த இடம் விமான நிலையத்தின் 12 கிலோமீட்டர் வளையத்துக்குள் இருந்தால் கூரை 60. கீழ்க்கோடு மேல்க்கோட்டைத் தாண்டிவிட்டது. 30 மாடிக் கட்டடங்களும், அவற்றைக் கட்ட நிற்கும் கிரேன்களும் உள்ள இடங்களில் நிலைமை இன்னும் மோசம். கிரேன் நேற்று இல்லாமல் இன்று நிற்கும். எந்த வரைபடத்திலும் இருக்காது.

அப்படிப்பட்ட இடத்தில் 'பரவாயில்லை' என்று சொல்லும் உயரம் ஒன்று கிடையவே கிடையாது. அனுமதி வாங்கலாம். கட்டடத்துக்கும் இயக்குபவருக்கும் நடுவே எதுவும் வராதபடி, ஒரே பக்கத்தில், கண் பார்வைக்குள்ளேயே ஓட்டலாம். அல்லது ட்ரோனை எடுக்காமல் இருக்கலாம். மூன்றாவது யோசனை யாருக்கும் பிடிக்காது, குறிப்பாக முன்பணம் வாங்கியவருக்கு.

மருந்து, மளிகை என்று ட்ரோனில் அனுப்ப நினைக்கும் நிறுவனங்களுக்கும் இதுவே கேள்வி. பெங்களூரைச் சேர்ந்த த்ராட்டில் ஏரோஸ்பேஸ் நிறுவனம் 2021 ஜூனில் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு மருந்து அனுப்பும் சோதனையை நடத்தியது நகருக்குள் இல்லை. சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கௌரிபிதனூரில். நகருக்குள் தினமும் பறக்க வேண்டுமானால் போகும் பாதையைப் போலவே திரும்பும் பாதையையும், நடுவழியில் அவசரமாக இறங்கும் இடங்களையும் முன்கூட்டியே அளந்து வைத்தாக வேண்டும்.

காற்று வாங்கும் பாட்டரி

உயரத்தைக் குறைத்து வைப்பவர்கள் சொல்லும் காரணம் பாட்டரி. ஏறுவதற்கே சார்ஜ் தீர்ந்துவிடும் என்ற பயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் இடம் மாறும். 30 மீட்டரில் இருக்கும் ட்ரோன் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 110-க்கு ஏற 20 விநாடி போதும். விநாடிக்கு 3 மீட்டர் வீதம் அங்கிருந்து தரைக்கு இறங்க 37 விநாடி. இரண்டும் சேர்ந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை.

உண்மையான செலவு காற்று. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ட்ரோன் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால் இரண்டரை நிமிஷத்தில் வீடு சேரும். எதிர்க்காற்று விநாடிக்கு 6 மீட்டர் என்றால் மிஞ்சும் வேகம் 4 மீட்டர்தான். அதே தூரத்துக்கு ஆறே கால் நிமிஷம். தரையில் இலை அசையாத நேரத்திலும் 100 மீட்டர் மேலே காற்று பலமாக வீசலாம். ஜூன், ஜூலையில் பெங்களூரின் மேல் தென்மேற்குப் பருவக் காற்று விடாமல் அடிக்கும். அந்த மாதங்களில் கிழக்கே வெகுதூரம் ஓட்டிவிட்டு மேற்கே திரும்புபவர், போகும்போது இலவசமாகக் கிடைத்த காற்றுக்கு வரும்போது வட்டியோடு விலை கொடுக்க வேண்டியிருக்கும். முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக ஓட்டுவது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

பார்க்காத கண்கள்

புதிய மாடல்களில் தடைகளைக் கண்டு நிற்கும் சென்ஸார்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை பெரிய சுவரையும் அடர்ந்த மரத்தையும் நன்றாகவே கண்டுகொள்ளும். மெல்லிய மின்கம்பி, கேபிள் டிவி வயர், இலையில்லாத கிளை, கண்ணாடிச் சுவர் ஆகியவற்றில் ஏமாந்துபோகும். இருட்டில் பல சென்ஸார்கள் வேலை செய்யாது. எல்லா மாடல்களிலும் எல்லாத் திசைகளிலும் அவை இருப்பதில்லை. குறிப்பாக, தலைக்கு மேலே பார்க்கும் கண் பல ட்ரோன்களுக்கு இல்லை.

அதனால்தான் திரும்பும் பயணத்தின் முதல் கட்டமான செங்குத்து ஏற்றம் சில இடங்களில் ஆபத்தாகிறது. கல்யாண மண்டபத்துக்குள், பந்தலுக்கு அடியில், மேம்பாலத்தின் கீழ், மரக்கிளைகளுக்கு நடுவே ஓட்டும்போது சிக்னல் போனால் ட்ரோன் நேராக மேலே எழும்பி அலங்கார விளக்கிலோ கூரையிலோ மோதி மணமேடையில் விழும். இப்படிப்பட்ட இடங்களில் சிக்னல் போனால் 'திரும்பி வா' என்பதற்குப் பதில் 'அங்கேயே நில்' அல்லது 'இறங்கு' என்று மாற்றி வைக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. வெளியே வந்ததும் பழையபடி மாற்ற மறக்கக் கூடாது.

'வீடு' எது என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஜிபிஎஸ் சரியாகக் கிடைப்பதற்கு முன்பே அவசரமாகக் கிளப்பினால் ட்ரோன் தவறான இடத்தை வீடாக நினைத்துக்கொள்ளும். படகிலிருந்து கிளப்பினால், படகு நகர்ந்த பிறகும் அதன் வீடு பழைய இடத்தில், தண்ணீருக்கு மேலேயே இருக்கும். சிறிய மொட்டை மாடியிலிருந்து கிளப்பினால், ஜிபிஎஸ் காட்டும் இடம் இரண்டு மீட்டர் பிசகினாலும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இறங்கப் பார்க்கும்.

புறப்படும் முன்

இவையெல்லாவற்றையும் சேர்த்தால் வேலை ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

* இயக்குநரகத்தின் வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்க்கவும். மேல் கூரை 120-ஆ, 60-ஆ, அல்லது பூஜ்யமா என்பது அதில் தெரியும்.

* பறக்கப்போகும் பகுதி முழுவதையும் சுற்றிப் பார்த்து மிக உயரமான தடையைக் கண்டுபிடிக்கவும். கட்டடத்தின் உச்சியில் இருக்கும் கோபுரமும் கிரேனின் கையும் கணக்கில் சேரும்.

* உயரம் தெரியாவிட்டால் ட்ரோனையே அளவுகோலாக்கலாம். சட்ட வரம்புக்குள், தடையிலிருந்து விலகி, திறந்த இடத்தில் நேராக மேலே ஏற்றவும். கேமராவைக் கிடைமட்டமாக வைக்கவும். தடையின் உச்சி தொடுவானத்தோடு ஒரே கோட்டில் வரும்போது திரையில் தெரியும் உயரமே அதன் உயரம்.

* கிளம்பும் இடத்தைவிட வழியில் உள்ள தரை எவ்வளவு மேடு என்று பார்த்துக் கூட்டவும். அதோடு 20 மீட்டர் சேர்க்கவும். வழியில் பள்ளம் இருந்தால், அந்தத் தரையிலிருந்து கூரையைத் தாண்டுகிறதா என்றும் பார்க்கவும்.

* கிடைத்த எண்ணைப் பதிவு செய்து, 'வீடு' சரியாகக் குறிக்கப்பட்டதா என்று திரையில் பார்க்கவும். பக்கத்திலேயே ஒருமுறை திரும்பி வரச் செய்து சோதிக்கவும்.

இடம் மாறினால் எண்ணும் மாறும். நேற்று ஏரிக்கரையில் சரியாக இருந்த உயரம் இன்று அபார்ட்மெண்ட் வாசலில் தவறு. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் கிளம்புமுன் அந்த எண்ணைச் சரிபார்த்தாரா என்று யாரும் வாசலில் நின்று கேட்கப்போவதில்லை. அதை இயக்குபவரே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆளில்லா விமான ஆராய்ச்சிக்குப் பெங்களூர் புதிதில்லை. 1959-ல் தொடங்கப்பட்ட ராணுவ ஆய்வகமான ஏரோநாட்டிக்கல் டெவலப்மெண்ட் எஸ்டாப்ளிஷ்மெண்ட் உருவாக்கிய 'லக்ஷ்யா' என்ற விமானம் வேலை முடிந்ததும் பாரசூட்டில் இறங்கும். அனுப்புவதைப் போலவே திரும்பப் பெறுவதையும் அதை வடிவமைத்தவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. அன்று ஒரு ஆய்வகமே உட்கார்ந்து யோசித்த விஷயம் இன்று ரிமோட் வைத்திருக்கும் ஒவ்வொருவர் கைக்கும் வந்துவிட்டது. அவர்களுக்காக யாரோ எங்கோ ஒரு எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள். போட்டவருக்கு இந்த ஊரின் தென்னையும் தெரியாது, ஓடுபாதையும் தெரியாது.